பேசுனது தைராய்டாம்

ஏந்தாயி, அந்தக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடேன். குளிருதா? எல்லாருக்கும் குளிருதுதான். மார்கழி மாசம், பஸ்ஸு பூராம் ஸ்வெட்டரும் மப்ளருமா உக்காந்திருக்கு, இவ ஒருத்தி மட்டும் முந்தானையால விசிறிக்கிட்டு இருக்காளேன்னு பாக்குற. பாரு, பாரு, எல்லாரும்தான் பாக்குறாக. ஒண்ணு செய்வோமா, நீ இந்தப் பக்கம் வந்துரு, நான் ஜன்னலுக்குப் போயிர்றேன். ஆங், அப்படி. இப்பத்தான் மூச்சு விட முடியுது.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். அருப்புக்கோட்டையில ஏறுனதுல இருந்து இது எனக்கு மூணாவது சீட்டு. ஒரு இடத்துல இருக்க முடியல. இந்தக் காலைப் பாரேன், அதுவா ஆடுது. ஆட்டாதடின்னு சொன்னா என் காலு எனக்கே கேக்காது. என் பேரு மாரீஸ்வரி. முன்னாடி, டிரைவருக்குப் பின்னால, ஊதா ஸ்வெட்டர் போட்டு காதை மூடிக்கிட்டு ஒருத்தர் இருக்காருல்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரர். பக்கத்துல உக்காந்தா சண்டை வருதுன்னு அங்க போயிட்டாக. இப்பத் திரும்பிப் பாப்பாக பாரு. பாத்தாகளா? மாத்திரை போட்டவ எப்படி இருக்கான்னு நோட்டம் பாக்குறாக. நாம மெதுவாப் பேசுவோம்.

எனக்குத் தைராய்டு. உன் சொந்தத்துலயும் யாருக்காச்சும் இருக்கும், இப்ப வீட்டுக்கு ஒண்ணு இருக்கு. ஆனா அதெல்லாம் குண்டாகுற தைராய்டு, தூங்கி வழியுற தைராய்டு. என்னது வேற. என்னது காலுல சக்கரம் கட்டிவிடுற தைராய்டு. சீக்குலயும் எனக்குன்னு தனியா வந்து வாச்சிருக்கு.

இது வந்தது சித்திரை வெயில்ல. அதான் யாருக்கும் தெரியாமப் போச்சு. ஊருக்கே வெக்கை, எனக்கும் வெக்கைன்னு இருந்துட்டேன். ஆடிக்காத்துலயும் வேர்த்து ஊத்துனப்பத்தான் என்னடா இதுன்னு நினைச்சேன். நான் இட்லி மாவு அரைச்சு விக்கிறவ, எங்க தெருவுல கேட்டா சொல்லுவாக. மாவைக் கரைக்கையில வளையல் கழண்டு மாவுக்குள்ள விழுகுது. அம்புட்டு இளைச்சுட்டேன். சாப்பாடு குறைச்சலான்னா அதுவும் இல்ல, மூணு ஆளு சோத்தை ஒத்தையில திம்பேன், தின்ன கையி காயுறதுக்குள்ள மறுபடி பசிக்கும். பாக்கெட்டுல மாவு ஊத்துனா பாதி வெளிய போகும், கை அப்படி நடுங்கும். நெஞ்சு இருக்குல்ல, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், எதுக்கு ஓடுதுன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெருவுல உள்ளவளுக என்ன சொன்னாளுகன்னா, உனக்குத் தீட்டு நிக்கிற வயசு மாரீஸு, எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான் வெந்து வேகும்னாளுக. சரின்னு இருந்துட்டேன். எங்க நாத்தனா இந்திராணி, அவுகளுக்கு அக்கா, அவ மட்டும் வேற சொன்னா. தம்பி பொண்டாட்டி என்னைப் பாத்து முழிக்கிறாளாம். கண்ணு வெளிய வந்துச்சு தாயி, அதுவும் இந்தச் சீக்கோட சேந்ததுதான். அது அவளுக்கு முறைக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கு. நான் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அவளை நிமிந்து பாத்தது இல்ல. நான் ஒரு வாயில்லாப் பூச்சி. நெசமாத்தான். இப்ப இம்புட்டுப் பேசுறாளேன்னு பாக்குறியா, இதெல்லாம் சீக்குக்கு அப்புறம் வந்தது.

முன்னாடியெல்லாம் எங்க மாமியா என்ன சொன்னாலும் சரிதான் அத்தை. மாவு வியாபாரம் நம்ம குடும்பத்துக்கு ஆகாதுன்னாக. சரிதான் அத்தைன்னு சொல்லிட்டு, தோட்டைக் கழட்டிக் குடுத்து கிரைண்டரை வாங்கிட்டு வந்து வச்சேன். எதுத்து ஒரு வார்த்தை பேசல. மகளைக் காலேசுல சேக்க வேணாம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாக. நான் என்ன சண்டையா போட்டேன்? பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி பிரின்சிபாலு ரூம்பு வாசல்ல உக்காந்தேன். சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்தேன், பாவம்னு கூப்பிட்டுச் சேத்துக்கிட்டாக. வாயைத் திறக்கவே இல்ல. அப்படியாப்பட்ட பயந்தாங்கொள்ளி நான்.

எதுல விட்டேன்? ஆங், நாத்தனா. அவளுக்கு ஒரு மகன், ஜெகதீசு. எங்களுக்கு ஒரு மக, சுபாஷினி. எம்.எஸ்ஸி கணக்கு படிச்சுட்டு ஊருக்குள்ளயே ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. அத்தை மகன், மாமன் மகள், முறை இருக்குல்ல. மாமனார் சாகும்போது சுபாவை ஜெகதீசுக்குத்தான் குடுக்கணும்னு அவகிட்ட மட்டும் காதுல சொன்னாராம். அவகிட்ட மட்டும். மாமனாருக்குக் கடைசி ஆறு மாசம் பேச்சே கிடையாது, அது தனிக் கதை.

பையன் குடிக்க மாட்டான், சிகரெட்டு கிடையாது, நல்ல வேலை. எல்லாம் சரி. ஆனா கூடப்பிறந்த தங்கச்சி எவன்கூடயோ போன்ல பேசுனான்னு, அவ போனைப் புடுங்கி நடுத்தெருவுல வச்சு பைக்கை ஏத்துனான் தாயி. அந்தப் பிள்ளை காலேசுக்குப் போறதும் அன்னிக்கோட நின்னுச்சு. நாத்தனா அதைப் பெருமையாச் சொல்றா, எம்மகன் பொம்பளைப்பிள்ளைகளைக் கண்ணுல வச்சுக் காப்பான்னு. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவுக கெட்டவுக இல்ல, ஆனா தாயில்லாத வயசுல அக்கா கையில வளந்தவுக, மாமியான்னு நான் சொன்னது மாமனாரு ரெண்டாவது கட்டுனது. அக்கா சொன்னா தலையாட்டுறதைத் தவிர அவுகளுக்கு வேற தெரியாது.

ஆவணியில தட்டு மாத்த வந்துட்டாக. எங்க பக்கம் எப்படின்னா, பொண்ணோட அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேரும் சேந்து கை வச்சுத்தான் தட்டை வாங்கணும். அம்மா கை படாத தட்டு செல்லாது. வெத்தலை, பாக்கு, பழம், தேங்கா, சேலை, எல்லாம் வச்சு அவுக நீட்டுறாக. எங்க மாமனாரோட அண்ணன், பெரியப்பா மாமா, ம், அம்மா கையை வையுங்கன்னு சொல்றாரு. எனக்கு நெஞ்சு தடதடங்குது, கண்ணெல்லாம் எரியுது, வேர்வை காதுல வடியுது. வைக்க மாட்டேன்னு ஒரு குரல் கேட்டுச்சு. யாருடா அதுன்னு பாத்தா, நான்.

அதுக்கப்புறம் நிக்கல தாயி. பைக்குச் சக்கரத்தைச் சொன்னேன், மாமனாரு காதுல சொன்ன கதையச் சொன்னேன், இருபத்தஞ்சு வருசமா அவ வந்தா நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டதைச் சொன்னேன். தட்டைத் தள்ளுனேனா, அதுவா கவுந்துச்சான்னு ஞாபகம் இல்ல. தேங்கா உருண்டு போயி பெரியப்பா மாமா நாக்காலிக்கு அடியில நின்னுச்சு. ஒருத்தரும் அதைக் குனிஞ்சு எடுக்கல.

பேய் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாக. கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனாக, அவனும் உடுக்கையை அடிச்சு, கன்னி கழியாத ஒருத்தி அண்டியிருக்கான்னான். நானும் நம்புனேன், ஏன் பொய் சொல்லணும். என் வாயில வந்து இம்புட்டுப் பேச பேயால மட்டும்தான் முடியும்னு நினைச்சேன். நல்லா இருக்கட்டும் அந்தப் பேயின்னுகூட நினைச்சேன். அப்புறம் மாவு வாங்க வர்ற ஒரு நர்சம்மா என் கழுத்து வீங்கியிருக்கிறதைப் பாத்துட்டு, அக்கா முதல்ல மதுரைக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பிவிட்டுச்சு.

மதுரையில டாக்டரம்மா சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். படம் போட்டுக் காட்டுச்சு. இந்தா, இந்தக் கழுத்துக்குழிக்கு மேல, பட்டாம்பூச்சி கணக்கா ஒரு சுரப்பி உக்காந்திருக்காம். அதுல ஊறுறது ரத்தத்துல கலந்து உடம்பு பூராம் போகுது. அதுக்குப் பேருதான் ஹார்மோனாம். அடுப்பை எம்புட்டு எரிய விடணும்னு உடம்புக்குச் சொல்றது அது. நெஞ்சு அடிக்கிறது, சோறு செரிக்கிறது, தூக்கம், மாசாமாசம் வர்றது, எல்லாத்துக்கும் அதோட உத்தரவு வேணும். அதுக்கும் மேல, மூளைக்கு அடியில, பட்டாணி தண்டி இன்னொண்ணு இருக்கு. அதுதான் மேனேஜர். ரத்தத்துல குறைஞ்சா இன்னும் சுரன்னு ஆளனுப்பும், கூடிப்போனா வாயை மூடிக்கும். இப்படி ஒண்ணுக்கொண்ணு பாத்துப் பாத்து நடக்குற வரைக்கும் நாம நல்லாருக்கோம்.

எனக்கு என்னன்னா, மேனேஜர் எப்பவோ போதும்னு கம்முனு ஆயிட்டாரு. ஆனா உடம்புக்குள்ள கிருமியோட சண்டை போடன்னு ஒரு பட்டாளம் இருக்காம்ல, அது புத்தி கெட்டுப்போயி, மேனேஜர் சொன்னாரு, மேனேஜர் சொன்னாருன்னு அந்தச் சுரப்பிகிட்டப் போயி விரட்டிக்கிட்டே இருக்காம். அது பாவம், நெசம்னு நம்பிச் சுரந்து தள்ளுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதுதான டாக்டரம்மா எங்க வீட்டுலயும் நடக்குது, செத்துப்போன மாமனாரு சொன்னாரு சொன்னாருன்னு எங்க நாத்தனா நடத்துறான்னு சொல்லத் தோணுச்சு. அவுக பக்கத்துல இருந்ததால சொல்லல.

டாக்டரம்மா அவுக பக்கம் திரும்பி, கோவம், படபடப்பு, பொறுமை இல்லாதது, எல்லாம் இதனாலதான், அவங்களைத் திட்டாதீங்க சார்னு சொல்லுச்சு. நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரர் அப்படியே அழுதுட்டாக. எனக்கு ஒண்ணும் ஆகிறக்கூடாதேன்னு அழுறாகன்னு நான் நினைச்சேன். அதுவும் இருந்திருக்கும், இல்லைங்கல. ஆனா வெளிய வராண்டாவுக்குப் போனதும் முதல் வேலையா அக்காவுக்குப் போனைப் போட்டாக. என்ன சொன்னாக தெரியுமா? அக்கா, அன்னிக்குப் பேசுனது அவ இல்லக்கா, தைராய்டுன்னாக.

கேட்டியா கதைய. நான் பொறந்து நாப்பத்தெட்டு வருசத்துல ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து பேசியிருக்கேன். அது நான் இல்லையாம்.

மறுவாரமே நாத்தனா வந்துட்டா. ஆப்பிளு, ஹார்லிக்ஸு, தலையத் தடவுறா, கையப் புடிக்கிறா. உடம்பு சரியில்லாம பேசுனதை நாங்க மனசுல வச்சுக்கல மாரீஸு, மன்னிச்சுட்டோம்னா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். இன்னமும் முறைச்சுக்கிட்டு இருந்திருந்தா அதுவும் நல்லதுதான். மன்னிச்சுட்டாளாம் தாயி, யாரு கேட்டா மன்னிப்பு? அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த ஹார்லிக்ஸு பாட்டிலை என்ன பண்ணியிருப்பேனோ, மூடியத் திறக்காமலே தள்ளி வச்சுட்டேன்.

இதுக்கு மேலதான் விசயமே. மாத்திரை குடுத்தாக. போட்டேன், ஒழுங்காப் போட்டேன். கார்த்திகையில பாத்தா வேர்வை குறைஞ்சிருக்கு, தூக்கம் வருது, வளையல் கையில நிக்குது. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா, நல்லா இறங்கியிருக்கு, அடுத்த தடவை நார்மல் ஆயிரும்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். அக்காவும் தம்பியும் பேசி முடிச்சுட்டாக. நார்மல் ஆனதும் தட்டை மாத்திரலாம், தை பொறக்கவும் சரியா இருக்கும்னு. சொந்தக்காரவுக எல்லாரும் போன் பண்ணி என் டி.எஸ்.எச், அதான் அந்த மேனேஜர் அனுப்புற ஆளு, எம்புட்டுன்னு கேக்குறாக. கல்யாணத்துக்கு நாள் பாக்க பஞ்சாங்கத்தைப் புரட்டுவாக, எங்க வீட்டுல என் ரத்தத்தைப் புரட்டுறாக.

அந்தச் சமயம் நாத்தனாவே எனக்குப் போன் பண்ணுனா. தையில வச்சுக்குவோமா மாரீஸுன்னா. எனக்கு நெஞ்சு அடிக்கல. வேர்க்கல. சாந்தமா இருக்கேன். பாப்போம் மதினின்னு சொல்லிட்டேன். பாப்போமாம். போனை வச்சதும் பயம் புடிச்சுக்கிச்சு. ஐயோ, மாத்திரை என்னைப் பழையபடி ஆக்கிருச்சே, இனி தட்டை நீட்டுனா கையை நீட்டிருவேனேன்னு. அன்னிக்கோட நிறுத்திட்டேன்.

உஸ், திரும்புறாக. சும்மா இரு.

ம், போதும். காலையில அவுகளே தண்ணியும் மாத்திரையுமா வந்து நிப்பாக. வாயில போட்டு, கன்னத்துல ஒதுக்கி, தண்ணியக் குடிச்சுட்டு, பின்னால முருங்கை மரத்துக்கிட்டப் போயித் துப்பிருவேன். இப்ப அந்த முருங்கை நல்லா சாந்தமா இருக்கும். எனக்குத்தான் மறுபடி எல்லாம் ஏறிக்கிச்சு. மாடி ஏறுனா நெஞ்சு வெளிய வந்து விழுந்துருமோன்னு இருக்கு. முந்தாநாள் கிரைண்டரைப் புடிச்சுக்கிட்டே உக்காந்துட்டேன், கண்ணு இருட்டிருச்சு. ஆனா கோவம் இருக்கு தாயி, கோவம் நல்லா இருக்கு. தை முடியுற வரைக்கும் இது இருந்தாப் போதும். இன்னிக்கு ரத்தம் எடுத்தா தெரிஞ்சுருமேன்னுதான் பயம். ரத்தத்துல பொய் சொல்ல முடியாதாமே? நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியுமா?

என்ன கேட்ட? சுபா என்ன சொல்றாளா?

அவகிட்ட என்னத்தைக் கேக்க? அவளும் என்னை மாதிரி வாயில்லாதவதான். நான் துப்புனதை நேத்து அவ பாத்துட்டா. ஒண்ணும் கத்தல. என் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சா. ஏம்மா, இப்படியே இருந்தா நெஞ்சு நின்னுபோகும்னு டாக்டர் சொன்னாங்கல்லன்னா. போனாப் போகட்டும், நீ தப்பிச்சாப் போதும்னேன். அவ கேட்டா, நீ செத்துட்டா அப்புறம் அம்மா இடத்துல நின்னு தட்டு வாங்கப்போறது யாரு? சித்திதான? சித்தி ரெண்டு கையாலயும் வாங்குவான்னா.

அது நெசம் தாயி. என் கொழுந்தன் பொண்டாட்டி, நாத்தனா எதை நீட்டுனாலும் வாங்குவா. நான் அதை யோசிக்கவே இல்ல பாரு. நான் செத்தா எவளுக்கும் கஷ்டம் இல்ல, வருசம் கழியட்டும்னு காத்திருந்து தட்டை மாத்திருவாளுக. சுபா அதோட விடல. அத்தை கேட்டா வேணாம்னு நானும் சொல்லிருவேம்மா, நீயும் சொல்லு, ரெண்டு பேரும் சொல்லுவோம்னா. இம்புட்டையும் புத்தகம் வாசிக்கிற மாதிரி மெதுவாச் சொல்றா. அப்படிச் சொன்னா யாரு மதிப்பாக, சொல்லு. நான் கத்திச் சொல்லியே என்னன்னு சொன்னாக? சீக்குன்னாக. நார்மல் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னாக. நார்மல் ஆகிட்டா...

இரு தாயி. இரு.

நார்மல் ஆகிட்டா, அப்புறம் சொல்றதைச் சீக்குன்னு சொல்ல முடியாதுல்ல?

அவுகளே வச்ச கணக்குதான இது. நான் நல்லாயிட்டேன்னு அவுகளே ஊருக்கெல்லாம் சொல்லித்தான தட்டைத் தூக்கிட்டு வருவாக. அப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னா, கோடாங்கிகிட்டயும் போக முடியாது, டாக்டர்கிட்டயும் போக முடியாது. மன்னிக்கவும் முடியாது. அடி இவளே, இம்புட்டு நாளா மருந்தைக் கொண்டுபோயி முருங்கைக்கு ஊத்தியிருக்கேனே.

ஆனா பயமா இருக்கு. கோவம் இல்லாம எப்படிச் சொல்றது? எனக்குப் பழக்கமே இல்லையே. சாந்தமா இருந்துக்கிட்டு ஒரு காரியத்தை நடத்துறதெல்லாம் என்னால முடிஞ்சதே கிடையாது. என்ன சிரிக்கிற? நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படிச் சிரிக்கிற? சிரிக்காதத்தா, வயித்தெரிச்சல்ல இருக்கேன். கிரைண்டரா? காலேசு வாசலா? அதெல்லாம் ஒரு காரியமா, அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?

அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு. மாத்திரை பையிலதான் இருக்கு, காலையிலதை இன்னிக்குத் துப்பாம காகிதத்துல மடிச்சு வச்சிருந்தேன், எதுக்குன்னு எனக்கே தெரியல. ஈரமாத்தான் இருக்கு, இருந்தா என்ன. ம். இறங்கிருச்சு. கசப்பு. டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிரப் போறேன், திட்டுனா திட்டட்டும். எத்தனை மாசம் ஆனாலும் சரி, நல்லா ஆக்கிவிடுங்கன்னு கேக்கப் போறேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? அவுக எந்திரிச்சுட்டாக, இங்கதான் வாராக. நீ இரு தாயி, எந்திரிக்காத, உன் முன்னாடியே சொல்லிர்றேன். வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டேன்.

ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. இறங்குவோம், கூட்டம் போகட்டும். நான் இம்புட்டு நாளா மாத்திரை போடல. ஆமா, துப்பிட்டேன். இப்பப் போட்டேன், இந்தப் பிள்ளை தண்ணி குடுத்துச்சு. இனிமே தினம் போடுவேன், நீங்க பக்கத்துல நிக்க வேண்டாம். நார்மல் ஆவேன். ஆனதுக்கப்புறம் உங்க அக்கா தட்டைக் கொண்டு வந்தா நான் கை வைக்க மாட்டேன். கத்தலங்க, மெதுவாத்தான சொல்றேன். சுபாவும் சொல்லுவா, அவகிட்ட நீங்களே கேளுங்க.

எதுக்குக் கையப் புடிச்சு நாடி பாக்குறீக? அது வேகமாத்தான் அடிக்கும், மாத்திரை இப்பத்தான போட்டிருக்கேன். அது பாட்டுக்கு அடிக்கட்டும். என் மூஞ்சியப் பாருங்க. பேசுறது நான்.